சுத்தியல் அம்மா

கட்டட வேலைத் தளங்களில் பொறியாளராக இருந்தவள், மகள் பிறந்ததும் வேலையை விட்டுவிட்டாள். புகுந்த வீட்டில் எல்லோரும் அவளை மேஸ்திரி என்று கூப்பிட்டார்கள். கேலியாக ஆரம்பித்தது, போகப் போகப் பெயராகவே ஒட்டிக்கொண்டது. மாடியில் அவளும் கணவனும் மூன்று வயது மகளும். கீழ்வீட்டில் கணவனின் அண்ணனும் அண்ணியும், அவர்களுடைய ஐந்து வயதுப் பையனும்.

மேஸ்திரிக்குச் சும்மா உட்காரத் தெரியாது. மகளுக்காக, காலிச் செருப்புப் பெட்டிகளின் மேல் செய்தித்தாள் ஒட்டிச் செங்கல் செய்தாள். மைதாவும் உப்பும் தண்ணீரும் பிசைந்தால் கலவை. நூலில் பெரிய பொத்தானைக் கட்டினால், சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டு. களிமண் உருண்டையில் மர ஆப்பு அடிக்க ஒரு சின்னச் சுத்தியல். பழைய பலகையில் போல்ட்டுகளை வரிசையாகப் பொருத்தி, நட்டுகளைக் கழற்றி மாட்டக் கொடுத்தாள். மகள் பாதி நேரம் கலவையை வாயில் வைக்கப் பார்ப்பாள். கீழ்வீட்டுப் பையன்தான் உயிரை விட்டு விளையாடினான். சாப்பிட்ட கை காய்வதற்குள் படியேறி வந்துவிடுவான். சல்லடையை ஹெல்மெட்டாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "சித்தி, இன்னிக்கு என்ன கட்றோம்?" என்பான்.

அவன் பின்னாலேயே அவன் அம்மா போனோடு வருவாள். "ரெண்டும் வளர்ந்தப்புறம் பார்க்கலாம்ல, ஒரு ஞாபகத்துக்கு" என்று படம் பிடிப்பாள். மேஸ்திரிக்கு அதில் சந்தோஷம்தான். ஓரகத்திகள் ஒட்டிக்கொண்டு இருப்பது எத்தனை வீட்டில் நடக்கிறது என்று கணவனிடம் பெருமைகூடப் பட்டாள்.

மகளுக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில்தான் குட்டு உடைந்தது. பக்கத்து நாற்காலிக்காரி, அழுகிற குழந்தைக்குப் போனைக் காட்டிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி எட்டிப் பார்த்தாள். திரையில் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தவை அவளுடைய கைகள். கம்பி விழுந்து பிளந்துபோன கட்டைவிரல் நகம் பளிச்சென்று தெரிந்தது. குரல் மட்டும் வேறு. "வணக்கம் குட்டீஸ்! சுத்தியல் அம்மா வந்துட்டேன்!"

ஓரகத்தியின் குரல்.

"இவங்களை உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி. "எல்லாம் இவங்களே யோசிச்சுப் பண்றாங்க. என் பொண்ணு இவங்க வந்தாத்தான் சோத்துக்கு வாயைத் திறப்பா."

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் செய்த அத்தனையும் அங்கே இருந்தன. அவள் முகம் மட்டும் எங்கும் இல்லை; கழுத்துக்கு மேலே ஓரகத்தி பார்த்துப் பார்த்து வெட்டியிருந்தாள். அதைக்கூட மேஸ்திரி பொறுத்திருப்பாள். ஒரு வீடியோவின் கீழே யாரோ, "அது யாரோட கை?" என்று கேட்டிருந்தார்கள். பதில் இருந்தது: "வீட்டு வேலைக்கு வர்ற பொண்ணு. சொன்னதைச் செய்வா."

கணவனிடம் காட்டினாள். அவன் தலையைச் சொறிந்தான். "அண்ணிகிட்டப் போய்ச் சண்டை போடாதே. விளையாட்டு விஷயம்தானே?"

"ஆமா, விளையாட்டுத்தான்" என்றாள் மேஸ்திரி. அதற்குப் பிறகு அவனிடம் எதுவும் சொல்லவில்லை.

கீழ்வீட்டுக்காரியிடம் முகம் கொடுத்தே பேசினாள். முன்னைவிடக் கூடுதலாகச் சிரித்தாள். காத்திருந்தாள்.

ஒருநாள் ஓரகத்தி குழைந்துகொண்டு மேலே வந்தாள். நூலகத்துச் சிறுவர் கூடத்தில் குழந்தைகளுக்கு நேரில் செய்துகாட்டக் கூப்பிட்டிருக்கிறார்களாம். வீடியோ விஷயத்தை அப்போதும் சொல்லவில்லை. "நம்ம பையன் விளையாடுறதை யாரோ பார்த்துட்டுக் கேக்கறாங்கடி. எல்லாரும் வாயைப் பொளக்கிற மாதிரி பெருசா ஒண்ணு சொல்லேன்."

"பாலம் கட்டலாமா அக்கா?"

அட்டையை ஆப்பு வடிவத்தில் வெட்டிக் கட்டிகளாக ஒட்டினாள். தாங்கிப் பிடிக்கும் அரைவட்டச் சாரத்தின் மேல் அவற்றை வரிசையாக வைத்து, இரண்டு முனையிலும் ஒவ்வொரு பெட்டியை முட்டுக் கொடுத்து, சாரத்தை உருவினால் வளைவு பசை இல்லாமலே நிற்கும். பொம்மைக் கார் ஏறி இறங்கும். ஓரகத்தி கைதட்டிக்கொண்டே படம் பிடித்தாள். முனைப் பெட்டிகள் இரண்டிலும் கழுத்துவரை மணல் இருந்தது அவளுக்குத் தெரியாது. அந்தக் கனம்தான் வளைவை விரியவிடாமல் பிடித்து நிறுத்தியது. அவள் வருவதற்கு முன்பே மேஸ்திரி அவற்றை வைத்து முடித்திருந்தாள்.

நிகழ்ச்சி நாள் காலையில் சாமான்களைப் பையில் போட்டுக் கொடுத்தாள். மணலைக் கொட்டிவிட்டுப் பெட்டிகளுக்கு அழகாகப் புதுக் காகிதம் ஒட்டியிருந்தாள்.

"அட, பஞ்சு மாதிரி இருக்கே! தூக்கிட்டுப் போக வசதி."

"முன்னாடியே எடுத்துப் பார்க்காதீங்க அக்கா, ஒட்டின ஓரம் பிரிஞ்சுடும். நேரா அங்க போய் வைங்க."

"நீ தங்கம்டி" என்றாள் ஓரகத்தி.

கூடம் நிறையக் குழந்தைகள். மேஸ்திரி மகளை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மேடையில் சுத்தியல் அம்மா மைக்கோடு வளையவந்தாள். கட்டிகளை அடுக்கினாள், பெட்டிகளை முட்டுக் கொடுத்தாள். "இப்ப சாரத்தை எடுக்கப் போறேன். ஒண்ணு, ரெண்டு..."

பெட்டிகள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் வழுக்கின. பாலம் பொலபொலவென்று சரிந்தது. குழந்தைகள் சிரித்தார்கள். மறுபடி அடுக்கினாள், மறுபடி சரிந்தது. இப்போது பெரியவர்களும் சிரித்தார்கள். "வீடியோல நின்னுச்சே மேடம்?" என்று ஒரு அப்பா குரல் கொடுத்தார். ஓரகத்தியின் கழுத்தில் வியர்வை வழிவதை மேஸ்திரி ஆசை தீரப் பார்த்தாள். மோர் குடித்த மாதிரி நெஞ்சு குளிர்ந்தது.

ஓரகத்தியின் கண் கடைசி வரிசையில் விழுந்தது. வா, வா என்று கையாட்டினாள். மேஸ்திரி அசையவில்லை. கையாட்டிக் களைத்தவள் மைக்கில் அசட்டுச் சிரிப்புச் சிரித்தாள். "சாமானை எடுத்து வச்ச வேலைக்காரப் பொண்ணு ஏதோ சொதப்பிட்டா. மன்னிச்சுக்கோங்க."

மேஸ்திரி மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்தாள். கூடத்துக்கே கேட்கிற மாதிரி, நிதானமாகச் சொன்னாள். "அந்த வேலைக்காரப் பொண்ணு நான்தாங்க. இவங்க புருஷனும் என் புருஷனும் கூடப்பிறந்தவங்க. நீங்க வீடியோல பார்க்கற கை இதுதான்." பிளந்த நகம் தெரியக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். சிரிப்பு அடங்கிப்போயிற்று.

அப்போதுதான் மேடையின் ஓரத்திலிருந்து பையன் வெளியே வந்தான். புத்தம் புதிய மஞ்சள் ஹெல்மெட்டும் பாக்கெட் வைத்த அங்கியும். கடைசியில் காரை ஓட்ட அவனை நிறுத்தி வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. விழுந்து கிடந்த கட்டிகளைப் பார்த்தான். உதடு பிதுங்கியது.

"சித்தி, வந்து கட்டு சித்தி."

இதை அவள் கணக்கில் எடுத்திருக்கவில்லை. தன் கைப்பையில் இருப்பதைப் போட்டு அந்தக் காலிப் பெட்டிகளை நிரப்பினால்கூடப் போதும், ஒரு நிமிட வேலைதான். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். ஓரகத்தியும் பார்த்தாள், அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. அதைக் கண்டதும் மேஸ்திரிக்கு மனம் இறுகிவிட்டது.

"உங்க அம்மாவையே கேளு கண்ணா. அவங்கதான் சுத்தியல் அம்மா."

சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். வாசல்வரை பையனின் அழுகை துரத்தியது.

அந்த வாரமே வீடியோக்கள் எல்லாம் காணாமல் போயின. அண்ணன் தம்பிகள் முகம் பார்த்துப் பேசுவதை நிறுத்தினார்கள். கணவன் இரண்டு நாள் முறைத்துவிட்டு அடங்கினான். பையன் மேலே வருவது நின்றது. அது மட்டும் அவளுக்கு உறுத்தியது, மற்றதெல்லாம் இனித்தது.

ஒருநாள் சாயங்காலம் ஓரகத்தி வந்து நிலைப்படியில் நின்றாள். "வேணும்னேதானே பண்ணின?"

"ஆமா."

"மேடையில அவனும் நிப்பான்னு தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

மேஸ்திரி யோசித்தாள். பொய் சொல்லத் தோன்றவில்லை. "தெரிஞ்சிருந்தாலும் செஞ்சிருப்பேன். நீங்க என்னை வேலைக்காரின்னீங்க. ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை."

ஓரகத்தியின் முந்தானைக்குப் பின்னாலிருந்து பையன் உள்ளே நுழைந்தான். கூடத்தில் மகள் தன்னந்தனியாக எழுப்பியிருந்த செங்கல் சுவருக்கு நேராகப் போனான். ஒரு உதை. பெட்டிகள் சிதறின. மகள் வீறிட்டாள். இன்னொரு உதை. ஒவ்வொரு உதைக்கும் நிமிர்ந்து, சித்தியின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை உதைத்தான்.

"டேய்!" என்று அவன் அம்மா பாய்ந்தாள்.

மேஸ்திரி கையை நீட்டி அவளைத் தடுத்தாள். "விடுங்கக்கா. இடிக்கட்டும்."

கடைசிப் பெட்டி விழும்வரை இரண்டு பேரும் வாசலிலேயே நின்றார்கள். பையன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.