கல் இல்லாத பதினொரு பேர்

செங்கல் என்ற ஊரின் சிவன் கோவிலுக்கு வருகிறவர்கள் கும்பிட்ட கையோடு அறையைக் காலி செய்துவிடுகிறார்கள் என்பது உதியன்குளங்கரை ஓட்டலில் ரிசப்ஷனைப் பார்த்துவந்த நீதுவுக்குக் குறையாக இருந்தது. குன்னத்துகாலில் ஒரு பழைய மிஷன் சர்ச்சும் கல்லறைத் தோட்டமும் உண்டு. அங்கும் அனுப்பினால் இன்னொரு நாள் தங்குவார்களே என்றாள். முதலாளி சம்மதித்தார். ஓட்டலே புதர் வெட்டி, பாதை போட்டு, பலகை வைத்தது.

முதல் வாரம் திருச்சித் தம்பதி ஒன்று போய்விட்டு வந்தது.

"உங்க கைடு அம்மா அருமையா விளக்கினாங்க," என்றார் மனைவி.

ஓட்டலுக்கு கைடு கிடையாது. நீது சர்ச்சைப் பராமரிக்கும் விஜயதாஸுக்கு போன் செய்தாள்.

"மாமா, அங்க ஆரையாவது நிறுத்தியிருக்கியளா?"

"இல்ல மக்கா. கேட்டத் திறந்துட்டு நான் வெளியவாக்கும் நின்னேன். அவிய ரெண்டு பேரும் மட்டும்தான் உள்ள போனது."

தம்பதி எடுத்த வீடியோவை வாங்கிப் பார்த்தாள். மனைவி ஏதோ கேட்கிறார். பதில் இல்லை, இலைகூட அசையவில்லை. பிறகு அவரே, "ஐயோ, பிரசவத்திலயா? ஞானப்பூவா பேரு?" என்கிறார். கேமரா பலாமரத்தடியின் வெறும் மண்ணுக்குத் திரும்புகிறது.

மறுநாள் விஜயதாஸ் அடக்கப் பதிவேட்டைப் புரட்டினார். 1891. ஞானப்பூ, வயது பத்தொன்பது, பிரசவம். கல் இல்லை.

"நாப்பது வருசமா இவ மேலயாக்கும் நான் நடந்திருக்கேன்," என்றார் தாழ்ந்த குரலில்.

ஓட்டல் ஒரு சின்னக் கல் நட்டது. பாஸ்டர் வந்து ஜெபித்தார். அத்தோடு முடிந்தது என்று நீது நினைத்தாள்.

மூன்று வாரம் கழித்து, ஓட்டலில் தங்கியிருந்த அகில் என்ற ஆசிரியர் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பி, ஒரு தாளை மேசையில் வைத்தார். "உங்க கைடு எழுதிக்கிடச் சொன்னாவ." பதினொரு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, சர்ச் சுவரிலிருந்து எந்தப் பக்கம், எத்தனை அடி என்ற கணக்கு. பதினொன்றும் பதிவேட்டில் இருந்தன. ஒன்றுக்கும் கல் இல்லை.

நீது இடம் குறிக்கக் குச்சிகளை எடுத்துக்கொண்டு போனாள். உச்சி வெயில். விஜயதாஸ் கேட்டைத் தாண்டவில்லை. அவள் அடி அளந்து, பத்து இடங்களில் குச்சி ஊன்றினாள். பதினொன்றாவதற்குக் குனிந்தபோது, முதுகுக்குப் பின்னால் மெல்லிய பெண்குரல் கேட்டது.

"இன்னும் ஒரு அடி, மக்கா."

நீது திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு அடி தள்ளிப்போய்க் குச்சியை ஊன்றினாள்.