வாட்ச் மேல் போட்ட பழி

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு தொழில் புத்தி உண்டு. மீட்டர் ஏடாகூடமாகக் காட்டினால் மோட்டாரில் கை வைக்க மாட்டார். முதலில் மீட்டரை மாற்றிப் பார்ப்பார். பாதி நேரம் மீட்டர்தான் குற்றவாளி. அந்தப் புத்தியைத் தன் நெஞ்சிடமும் காட்டப் போனார் மனுஷன்.

காலை ஓட்டக் குழுவில் அவர்தான் ராஜா. ஐம்பது வயதிலும் இளவட்டங்களை மூச்சு வாங்க வைப்பார். ஓடுகிறோமே என்ற தைரியத்தில் சர்க்கரை, கொழுப்பு எதையும் சோதித்துப் பார்த்ததில்லை. "தினமும் ஓடுறவனுக்கு நோய் எப்படிடா வரும்? துரத்திப் பிடிக்கணுமே!" என்று சிரிப்பார். கூட ஓடும் மனைவியின் தம்பிக்கு அவர் வைத்த பெயர் நத்தை. அவனும் பல்லைக் காட்டிக்கொண்டு கடைசி ஆளாக வந்து சேருவான்.

அரை மாரத்தான் போட்டி நெருங்கிய நேரம். மெதுவாக ஓடும்போதே அவருடைய வாட்ச் நாடித்துடிப்பைத் தாறுமாறாக ஏற்றிக் காட்டியது. நெஞ்சில் லேசாக ஓர் இறுக்கம். அதை வாயுக் கோளாறு என்று ஒதுக்கிவிட்டார். "இந்த வாட்சுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு. உன்னோடதைக் குடு, மாத்திப் பாப்போம்" என்று நத்தையிடம் கையை நீட்டினார்.

மாற்றிக் கட்டிக்கொண்டு இருவரும் சேர்ந்து ஓடினார்கள். மெக்கானிக்கின் வாட்ச் நத்தையின் கையில் சமர்த்தாக இருந்தது. நத்தையின் வாட்ச் அவர் கையில் அதே கூத்தை ஆடியது.

நத்தை நின்றுவிட்டான். "மாமா, வாட்ச் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

"அப்போ உன்னோடதும் ஓட்டை."

"மீட்டரை மாத்தியும் அதையே காட்டுச்சுன்னா லிஃப்ட்ல என்ன பண்ணுவீங்க?"

லிஃப்டை நிறுத்திவிடுவார். அது அவருக்குத் தெரியும். ஆனாலும், "போட்டி முடியட்டும், பாத்துக்கலாம்" என்றார்.

எதற்கும் தலையாட்டும் மைத்துனன் அன்று ஒரேயடியாக அடம்பிடித்தான். "இன்னிக்கு ஒரு நாள் நான் சொல்றதைக் கேளுங்க மாமா. ஒண்ணுமில்லைன்னா ஊரைக் கூட்டி என்னைத் திட்டுங்க" என்று தரதரவென இழுத்துப் போய் வண்டியில் ஏற்றினான்.

மருத்துவமனையில் பார்த்தால், இதய ரத்தக்குழாய் ஒன்று முக்கால்வாசி அடைபட்டிருந்தது. சர்க்கரையும் சத்தமில்லாமல் ஏறியிருந்தது. ஸ்டென்ட் வைத்த டாக்டர் அம்மா, "ஓடுறது நல்லதுதான். அதுக்காக டெஸ்டே எடுக்காம இருக்கலாமா? இந்த நெஞ்சை வச்சுக்கிட்டு போட்டியில ஓடியிருந்தீங்கன்னா, நாம இப்போ பேசிட்டிருக்க மாட்டோம்" என்றார்.

போட்டி நாளன்று காலை வீட்டில் கண் விழித்தால், கட்டிலருகே நாற்காலியில் மைத்துனன். அதுதான் அவனுக்கு முதல் போட்டி. அதற்காக ஒரு வருஷமாக உடம்பை வருத்திக்கொண்டவன்.

"ஏன்டா, ஓடப் போகலையா?"

"அக்கா ராத்திரி பூரா உங்க பக்கத்துலயே முழிச்சிருந்தா. கொஞ்சம் தூங்கட்டும்னு வந்தேன். போட்டி எங்க போயிடப் போகுது?"

மெக்கானிக் வீட்டு மனிதர்களிடம் நன்றி சொல்லிப் பழக்கமில்லாதவர். எதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் உசுரோட இருக்கேன்னா அது உன்னாலதான்டா. ரொம்ப நன்றி."

"சும்மா இருங்க மாமா" என்று அவன் நெளிந்தான். அவர் கையை விடவில்லை. அவன் அக்கா தூங்கி எழுந்து வந்தபோதும் பிடித்தபடியேதான் இருந்தார்.