இருவருக்கு ஒரு மருந்து

ஜியு பள்ளத்தாக்கின் நிலக்கரிச் சுரங்கத்தில் கிரிகோரே முப்பது வருஷம் உழைத்தார். அவருடைய கரி படிந்த உடுப்புகளை உதறித் துவைத்தவள் மனைவி சவேதா. தூசி இருவர் நெஞ்சிலும் இறங்கியது. ஆனால் இலவச மருந்து, சுரங்கத்துக்குள் இறங்கியவர்களுக்கு மட்டும்தான்.

நுரையீரல் நோயாளிகளுக்கு நடந்த வகுப்புக்கு அவள் கணவருக்குத் துணை என்று சொல்லிக்கொண்டு போனாள். உதட்டைக் குவித்து மெல்ல மூச்சு விடுவதை அவரைவிடக் கவனமாகக் கற்றுக்கொண்டதும் அவள்தான்.

ஒருநாள் வகுப்பில் நர்ஸ் ரொதீகா எல்லோர் முன்னாலும் கிரிகோரேயைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் பெரியவரே, ஒரு மாச இன்ஹேலரு பாதி மாசத்துல காலியா? நான் படிச்சுப் படிச்சுச் சொன்னது காதுலயே ஏறலியா?"

"பிளம் சாராயம்னு நெனச்சு உறிஞ்சிட்டாரும்மா!" என்றார் பின்வரிசைக்காரர் ஒருவர். எல்லோரும் இருமிக்கொண்டே சிரித்தார்கள்.

சவேதா பேச எழுந்தாள். கிரிகோரே அவள் கையை அழுத்தி உட்காரவைத்தார். "வயசாயிடுச்சும்மா, அடிச்சதையே மறந்துட்டுத் திரும்ப அடிச்சிடறேன்," என்று தலை குனிந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் வெடித்தாள். "இனிமே அதை நான் தொடமாட்டேன். ஊரே சிரிக்குது உங்களைப் பாத்து."

"சிரிச்சது சிரிச்சாச்சு. நீ தொடலைன்னா நான் எதுக்குடி தலை குனிஞ்சேன்? இந்தா, பிடி."

அவள் அழுதுகொண்டே வாங்கி உறிஞ்சினாள்.

மறுமாதம், சொல்பேச்சு கேளாதவர் என்று கிரிகோரேயின் பெயரை வகுப்பிலிருந்து அடித்துவிட்டார்கள். அதன் பிறகு இருவருக்குமே சொல்லித்தர ஆளில்லை.