முந்திச் சொன்ன சாட்சி

ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் அவள் எழுந்து நின்றது வழக்கம்தான். சொன்னதுதான் புதிது.

"அடுத்த ஞாயிறு என் வீட்டுக்காரர் என் பக்கத்துல உட்கார்ந்திருப்பார். விசுவாசத்தோட முன்னாடியே நன்றி சொல்லிடறேன்."

சபை கைதட்டியது. பாடல் குழுவை நடத்தும் மைக் அக்கா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். கையில் மைக் கிடைத்தால் லேசில் திருப்பித் தரமாட்டாள் என்பதால் வந்த பெயர் அது. வீட்டுக்காரர் சபைக்குத் திரும்பவேண்டும் என்று ஆறு வருடமாக ஒரே ஜெப விண்ணப்பத்தை எழுதிக்கொடுத்து, வாசிப்பவர்களின் குரலில் சலிப்பு ஏறுவதைக் கேட்டு வந்தவளுக்கு அந்தக் கைதட்டல் இனித்தது.

வீட்டுக்காரரிடம் மட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை அவருடைய நீலச் சட்டையை இஸ்திரி போட்டு, கண்ணில் படும்படி மாட்டினாள். புதன்கிழமை அவர் சொன்ன சப்பைக் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துவது அவள் வேலை. அந்த வாரம் இரண்டை அளவுக்கு மீறி அரைத்துக் கெடுத்தாள். முழங்காலில் நின்றால் வேறு வார்த்தையே வரவில்லை. இன்னும் நாலு நாள்தான் இருக்கு ஆண்டவரே. இன்னும் மூணு நாள். வேலைக்காரனுக்குக் கெடு வைப்பதுபோல ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் மைக் அக்கா வீட்டு ஃப்ரிட்ஜைப் பழுது பார்த்துவிட்டு வந்தார். கருவிப் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நாளைக்கு நான் சர்ச்சுக்கு வர்றேனாமே? எனக்குத்தான் தகவல் வரல."

அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"நான் ஃப்ரிட்ஜுக்குள்ள தலையை விட்டிருக்கேன், அந்தம்மா பின்னாலருந்து ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்ங்குது. ஃப்ரிட்ஜ் ஓடினதுக்கா, எனக்கான்னே புரியல."

அவள் சிரித்துவிட்டாள். அவரும் பாதி சிரித்தார். மீதிப் பாதி வரவில்லை.

"எங்கம்மா போனப்ப என் விசுவாசம் பத்தலன்னாங்க. இப்ப உன் விசுவாசம் எவ்வளவு பெருசுன்னு காட்டறதுக்கு நான் வேணுமா?"

அம்மாவின் கட்டிலருகே இரவும் பகலும் முழங்காலில் கிடந்தவர் அவர். அடக்கத்தன்று சபையில் ஒருவர் தோளைத் தட்டி, இன்னும் கொஞ்சம் உறுதியாக விசுவாசித்திருக்கலாம் என்றார். அதோடு அவர் கோவில் படி ஏறவில்லை.

"சரி விடு, வர்றேன்" என்றார். "நாலு பேர் முன்னாடி நீ தலை குனிய வேண்டாம். ஒரு தடவை உட்கார்ந்துட்டு வந்துடறேன்."

ஆறு வருட ஜெபம் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. 'உம்' என்று ஒரு சொல் போதும். அந்தச் சொல் தொண்டைவரை வந்தும்விட்டது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது, தான் கேட்டது இந்த மனிதரையா, பெஞ்சில் காலியாகக் கிடந்த இடத்துக்கு ஒரு ஆளையா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. காத்திருக்கிறேன், காத்திருக்கிறேன் என்று இத்தனை நாளும் கயிறு கட்டி இழுத்துக்கொண்டல்லவா இருந்திருக்கிறாள். ஒரு முனையில் அவரை, மறுமுனையில் கடவுளை.

"வேண்டாங்க. எனக்காக வர வேண்டாம்."

"நாளைக்கு என்ன சொல்லுவ?"

"நடந்ததைத்தான்."

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்து நின்றாள். "போன வாரம் நான் சொன்ன நாள் கர்த்தர் குறிச்ச நாள் இல்ல. நானா குறிச்சது. அவரோட வேளை எதுன்னு எனக்குத் தெரியாது. மன்னிச்சுக்குங்க."

யாரும் கைதட்டவில்லை. உட்கார்ந்து கண்ணை மூடினாள். வெட்கம் நெஞ்சைப் பிடுங்கியது; ஆனாலும் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி ஜெபித்தபோது கூடவே ஒரு தேதி வரவில்லை. அதுவே பெரிய இளைப்பாறுதலாக இருந்தது.

வீட்டில் அவர் கழற்றிப்போட்ட மோட்டாரின் முன் உட்கார்ந்திருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல." அவள் தரையில் அவருக்கு எதிரே அமர்ந்தாள். கேட்காமலே ஆறு வருடம் ஓடிப்போயிருந்தது. "அத்தையை அடக்கம் பண்ணின அன்னைக்கு அப்படிச் சொன்னாங்களே... உங்களுக்கு எப்படிங்க இருந்துச்சு?"

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். கழற்றிய திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு மூடியில் போட்டார். அவள் அவசரப்படுத்தவில்லை. பிறகு, அம்மாவுக்கு முதல் காய்ச்சல் வந்த நாளிலிருந்து சொல்லத் தொடங்கினார்.