காயாத பட்டு

“முழுக்கச் சிவப்போ, ஓரத்தில மட்டுமோ?” என்று மிருணாளினி கேட்டாள்.

“முழுக்கத்தான். பழுத்த மிளகாய் மாதிரிக் கிடக்கு,” என்றாள் தாய் சிவனேஸ்வரி. தொலைபேசியில் அவள் குரலுக்குப் பின்னால் சலவை எந்திரம் உறுமியது. “இந்த வில்லையைக் கழட்டி எறியட்டே பிள்ளை? கடைக்கார அண்ணை கண்டால் என்னெண்டு கேப்பார்.”

“எறியாதேங்கோ. பின் அறைக்குள்ள போகாதேங்கோ. நான் வாறன்.”

“இண்டைக்கு வேலை குவிஞ்சு கிடக்கு. நீ வந்து என்ன கிழிக்கப்போறாய்?”

மிருணாளினி கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு ஆய்வுகூடத்திலிருந்து இறங்கி ஓடினாள்.

அந்த வில்லை அவள் செய்தது. நகத்தளவு பொலிமர் படலம், அதற்குள் திரவப் படிகம். படிகத்தின் மூலக்கூறுகள் சுழல்படி மாதிரி ஒன்றன்மேல் ஒன்று முறுக்கி நிற்கும். முறுக்கு இறுக்கமாக இருந்தால் படலம் பச்சையாகத் தெரியும். உலர்சலவைக் கடைகளில் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றும் பெர்க்லோ என்ற கரைப்பானின் ஆவி உள்ளே புகுந்தால் படலம் வீங்கும், முறுக்குத் தளரும், பச்சை மஞ்சளாகிச் சிவக்கும். மின்கலமும் இல்லை, கம்பியும் இல்லை. ஒருமுறை சிவந்தால் திரும்பாது. வேலை முடிந்து போகிறவன் தன் சட்டையைப் பார்த்தே அன்று எதைச் சுவாசித்தான் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே நான்கு வருடம் அதோடு மாரடித்தாள்.

“இது இன்னும் கண்ணாடிக் கூட்டுக்குள்தான் வேலை செய்கிறது. வெளியே கொண்டுபோகாதே. ஒரு அறைக்குள் நூறு ஆவி இருக்கும், எதற்குச் சிவந்தது என்று சொல்ல முடியாது” என்று ஆய்வுகூடத் தலைவி தெரேஸ் சொல்லியிருந்தாள். அப்படியும் மிருணாளினி மூன்று வில்லைகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, ஒன்றைத் தாயிடம் குத்தக் கொடுத்திருந்தாள்.

காரணம் தாயின் தலையிடி. பனிக்காலத்தில் தொடங்கியது. மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோ நிலையப் படியில் ஒருநாள் எந்தப் பக்கம் வீடு என்று தெரியாமல் குந்திவிட்டாள். டொக்டர் என்ன வேலை என்று கேட்டதற்குத் துப்புரவு வேலை என்றாள். முதலாளிக்குக் கரைச்சல் வரக்கூடாதாம். டொக்டர் களைப்பு என்று எழுதி அனுப்பிவிட்டார். இப்படியே போனால் தாய் எங்கே போய் முடிவாள் என்று மிருணாளினிக்குத் தெரியும். அந்தப் பின் அறையிலிருந்து அவளை வெளியே எடுக்க வேண்டும். அதற்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது.

தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், மரக்கறிக் கடைகளைத் தாண்டி உள்ளே திரும்பும் சிறு தெருவில் இருந்தது தில்லையம்பலத்தின் உலர்சலவைக் கடை. முன்னால் கவுண்டர், நடுவில் இஸ்திரி மேசை, பின்னால் ஜன்னல் இல்லாத அறையில் எந்திரம். வதிவிடக் காட் இல்லாமல் வந்திறங்கிய சிவனேஸ்வரிக்கு வேலை கொடுத்த ஒரே மனிதர் அவர். வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் அந்தக் கதைதான் கடைசியில் வந்து வாயை அடைக்கும்.

“வாங்கோ டொக்டர் அம்மா,” என்றார் தில்லையம்பலம். “உடுப்பு ஏதும் தோய்க்கவோ?”

“மாமா, எந்திரம் கசியுது. நிப்பாட்டுங்கோ.”

“ஆர் சொன்னது?”

மிருணாளினி தாயின் கழுத்துப் பட்டியில் குத்தியிருந்த வில்லையைக் காட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

“உந்த ஸ்டிக்கரே? உதைச் செய்யத்தான் இவ்வளவு காலம் படிச்சனீங்கள்?”

“ஓம். உதுதான் சொல்லுது. நிப்பாட்டாட்டி நான் வேலை இன்ஸ்பெக்சனுக்கு ஃபோன் அடிக்கிறன்.”

தில்லையம்பலத்தின் சிரிப்பு நின்றது. இஸ்திரி மேசையருகே நின்ற சுகந்தன் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். வன்னியிலிருந்து போர் எல்லாம் முடிந்தபின் வந்தவன், முப்பது வயது. அடுத்த மாதம் பிரெஃபெக்சர் அலுவலகத்தில் அவன் காட் புதுப்பிக்க வேண்டும். கடை பூட்டினால் சம்பளத் துண்டு இல்லை. சம்பளத் துண்டு இல்லாவிட்டால் காட் இல்லை.

முதலாளி பின்னால் போய் எந்திரத்தை நிறுத்தினார். கடை சட்டென்று அமைதியானது. அவர் திருத்துகிறவனுக்குத் தொலைபேசி எடுத்து பிரெஞ்சில் கத்தத் தொடங்கினார்.

சிவனேஸ்வரி கதிரையில் இருந்தாள். சட்டைப் பையிலிருந்து தைலப் போத்தலை எடுத்து நெற்றியில் தேய்த்தாள், பிடரியில் தேய்த்தாள், பிறகு நெஞ்சுக்குழியில், வில்லைக்கு இரண்டு விரல் கீழே.

மிருணாளினி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மணம் தாயின் மணமாகவே பழகியதால் இத்தனை நாளும் மூக்கில் ஏறவேயில்லை. கற்பூரம். மெந்தோல். அவள் செய்த படலத்துக்குள் இரண்டும் தாராளமாகப் புகும்.

“அம்மா, காலமையும் இதைப் பூசினனீங்களோ?”

“தலை இடிச்சால் பூசாமல்? மூண்டு நாலு தரம் பூசியிருப்பன்.”

வேறு யாரும் கவனிக்கவில்லை. எந்திரம் நின்றுவிட்டது. வாயை மூடிக்கொண்டு நின்றால் இன்றைக்காவது தாய் நல்ல காற்றைச் சுவாசிப்பாள். சுகந்தன் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான். தெரேஸ் சொன்ன நூறு ஆவி. உள்ளே இருப்பது எது என்று அவளுக்கே தெரியாது.

“மாமா,” என்றாள். “ஃபோனை வையுங்கோ. அது தைலத்துக்கும் சிவந்திருக்கலாம்.”

தில்லையம்பலம் மெதுவாகத் திரும்பினார்.

“லாம்! கேட்டியே சுகந்தன்? லாம் எண்டு சொல்லி என்ர கடையைப் பூட்ட வந்திருக்கு.”

“இன்னும் ரெண்டு வில்லை கிடக்கு. அம்மா கழுத்தைச் சவுக்காரம் போட்டுக் கழுவி, வேற சட்டை போடட்டும். ஒண்டை அவவுக்குக் குத்துறன், மற்றதை எந்திரத்துக்குப் பக்கத்தில தொங்கவிடுறன். ஒரு லோட் ஓடட்டும். பச்சையா நிண்டால் நான் இனி இந்தப் பக்கம் வாய் திறக்கேல்லை.”

“சிவந்தால்?”

“அம்மா அந்த அறைக்குள்ள போகக்கூடாது.”

“சரி. சுகந்தன் சாட்சி. ஜெகதீஸ்வரியின்ர சீலையைப் போடு. பின்னேரம் வாறன் எண்டவ.”

ஜெகதீஸ்வரி புறநகரான ஒபர்வில்லியேக்காரி. சனிக்கிழமை அவள் மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் தாயாக நிற்கும்போது தன் கல்யாணக் கூறைச் சேலையையே கட்ட வேண்டும் என்று கொண்டுவந்து கொடுத்திருந்தாள். அதோடு வேறு இரண்டு பட்டும் எந்திரத்துக்குள் போயின.

சிவனேஸ்வரி கழுவித் துடைத்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்தாள். தைலம் இல்லாமல் அவள் முகம் சுருங்கியிருந்தது. இரண்டு விரலால் நெற்றிப்பொட்டை அமத்திக்கொண்டாள்.

“சுகந்தன், அந்தப் போத்தலைத் தா ராசா. ஒரு துளி.”

“ஏலாது அக்கா. ஒரு லோட் பொறுங்கோ.”

“நீயும் பொலிசாப் போனியோ?”

எந்திரம் கழுவியது, பிழிந்தது. கம்பியில் நூல்கட்டித் தொங்கிய வில்லை பச்சையாக நின்றது. தாயின் கழுத்தில் இருந்ததும் பச்சை. தில்லையம்பலம் வாடிக்கையாளருக்கு மாற்றுக் காசு கொடுப்பதும் பின்னால் வந்து எட்டிப் பார்ப்பதுமாக இருந்தார்.

“வெண்டிக்காய் மாதிரி நிக்குது,” என்றார். “என்ர எந்திரத்துக்கு நோபல் பரிசு குடுக்கலாம்.”

மிருணாளினி கம்பியில் தொங்கிய வில்லையையே பார்த்தாள். கழுவும்போது கசிவு இல்லை, பிழியும்போதும் இல்லை. தாயின் தலையிடிக்கு வேறு காரணம் என்றால் தானும் அந்த டொக்டரும் ஒன்றுதான்.

சூடான காற்று ஊதத் தொடங்கியது. சிவனேஸ்வரி எழுந்து போய், கொஞ்சம் ஓடவிட்டு, பொத்தானை அமத்தி நிறுத்தினாள். கதவைத் திறந்தாள். தோள்வரைக்கும் கையை உள்ளே விட்டு, தலையையும் விட்டு, கூறையை அள்ளி எடுத்தாள். அது நன்றாகக் காயவில்லை. நெஞ்சோடு அணைத்துத் தோளில் போட்டு, சரிகைக் கரையை விரலால் நீவி நீவி விட்டாள். இனிப்பும் காரமுமாய் ஒரு நெடி அறை முழுக்க எழுந்தது.

அவள் கம்பிக்கு வந்து சேர முன்னரே கழுத்தில் இருந்த வில்லை மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, சிவந்தது. கூறையைத் தொங்கவிட்டதும் கம்பியில் இருந்த வில்லையும் ஓரத்தில் மஞ்சளானது.

“அம்மா! ஏன் இடையில நிப்பாட்டினனீங்கள்?”

“சூட்டில விட்டால் சரிகை சுருங்கிப்போடுமெல்லே. பட்டை ஈரத்தோடதான் எடுக்கோணும்.”

“ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. ரெண்டு சீலை பழுதாப் போனபிறகு நானாக் கண்டுபிடிச்சது.” சிவனேஸ்வரியின் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. “வெள்ளைக்காரன்ர கடையில குடுத்துச் சுருக்கினவையெல்லாம் இப்ப இஞ்சைதான் வருகினம். வில்லியே லே பெல்லில இருந்தும் வருகினம்.”

“எந்திரத்தில ஒரு பிழையும் இல்லை. பாத்தியளே?” என்றார் தில்லையம்பலம்.

“எந்திரத்தில இல்லை மாமா. காயாத பட்டில இருக்கிற ஈரம் தண்ணியில்லை, பெர்க்லோ. அதைத் தோளில போட்டுக்கொண்டு அம்மா மூச்செடுக்கிறா. ஒவ்வொரு சீலைக்கும்.”

“சூட்டைக் குறைச்சு விடலாமே,” என்றாள் மிருணாளினி.

“அந்தத் திருகு உடைஞ்சு ரெண்டு வருசம்,” என்றான் சுகந்தன்.

தில்லையம்பலம் கன்னத்தைச் சொறிந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. கணக்குப் பார்க்கிற மனிதர். கல்யாண மாதங்களில் கடையை நடத்துவது சேலைதான்.

“சரி, சொன்ன சொல்லு சொல்லுத்தான். தங்கச்சி நாளையில இருந்து முன்னுக்கு கவுண்டரில நிக்கட்டும். சீலையைச் சுகந்தன் எடுப்பான்.”

“ஓம் அண்ணை.”

அவர் வாயை மூட முன்னரே சுகந்தனின் பதில் வந்துவிட்டது. மிருணாளினி கேட்டு வந்தது கிடைத்துவிட்டது. அவளுக்கு அங்கே மேற்கொண்டு வேலை இல்லை. ஆனாலும் கால் நகரவில்லை.

“சுகந்தன் அண்ணா, உங்களுக்கும் அதே நஞ்சுதான்...”

“நீங்கள் உங்கட அம்மாவுக்கு வந்தனீங்கள்,” என்றான் அவன், அவளைப் பார்க்காமல். “எனக்குக் காட் வேணும். என்ர மூக்கை நான் பாப்பன்.”

சிவனேஸ்வரி சுகந்தனைப் பார்த்தாள். பிறகு கம்பியிலிருந்து கூறையை இழுத்து எடுத்தாள். எந்திரத்துக்குள் எறிந்தாள். கதவைச் சாத்தி, சூட்டைப் போட்டாள்.

“என்ன செய்யிறாய் தங்கச்சி! அது ஜெகதீஸ்வரியின்ர கூறை!”

“தெரியும்.”

“சுருங்கினால்?”

“சுருங்கட்டும்.”

அவர் பொத்தானுக்குக் கை நீட்டினார். சிவனேஸ்வரி அதன் முன்னால் முதுகைக் கொடுத்து நின்றாள். தலையிடியில் அவள் கண் பாதி மூடியிருந்தது.

“அண்ணை, காட் இல்லாமல் வந்த என்னை நீங்கள் எடுத்தனீங்கள். அதுக்கு நான் உழைச்சுத் தந்திட்டன். உவன்ர தலையையும் உதுக்குள்ள விடச் சொல்லாதேங்கோ.”

“விசர் பிடிச்சிட்டுது உனக்கு.”

“ஓம். உந்த மருந்தைக் குடிச்சுக் குடிச்சுப் பிடிச்சது.”

எந்திரம் முழுதாக ஓடி முடியும்வரை அவள் அங்கேயே நின்றாள். திறந்தபோது நெடி இல்லை. கூறை அடுப்பிலிருந்து எடுத்த பாண் மாதிரிச் சுட்டது. கரையில் ஒரு சாண் நீளத்துக்குச் சரிகை சுருண்டு நின்றது. சுகந்தன் ஈரத்துணி போட்டு இரண்டு தரம் தேய்த்தான். சுருக்கம் நிமிரவில்லை.

ஜெகதீஸ்வரி வந்தபோது தில்லையம்பலம் ஒதுங்கிக்கொண்டார். “நீயே குடு,” என்றார்.

சிவனேஸ்வரி கூறையைக் கவுண்டரில் விரித்தாள், சுருண்ட இடம் மேலே தெரியும்படி.

“இதென்ன சிவனேசு?”

“சுருங்கிப்போச்சு. நான்தான் செய்தது.”

“மாப்பிள்ளையின்ர தாயெண்டு கலியாண மண்டபம் முழுக்கப் பாக்க நான் உதைக் கட்டிக்கொண்டு நிக்கிறதோ? என்ர கலியாணக் கூறையடி!”

“கொய்யக மடிப்புக்குள்ள போகக் கட்டினால் தெரியாது.”

“எனக்குச் சீலை கட்டப் பழக்கிறியோ?” அவள் சத்தம் தெருவுக்குக் கேட்டது. எதிர்க் கடைக்காரன் வாசலுக்கு வந்தான். “உன்ர கையை நம்பித்தானே எல்லாரும் இஞ்சை வாறம்!”

சிவனேஸ்வரி கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “இனி இப்பிடித்தான் வரும். ஈரத்தில எடுக்கிறேல்லை. விருப்பமில்லாட்டி வேற கடைக்குக் கொண்டு போங்கோ.”

ஜெகதீஸ்வரி அவளைத் தாண்டிப் பார்த்தாள். “தில்லை அண்ணை! இது உங்கட கடையோ, இவவின்ர கடையோ?”

தில்லையம்பலம் தட்டில் குவிந்து கிடந்த சேலைப் பைகளைப் பார்த்தார். தொலைபேசியைக் கையில் பிடித்தபடி நின்ற மிருணாளினியைப் பார்த்தார்.

“அவ சொல்லுறதுதான்,” என்றார்.

ஜெகதீஸ்வரி கூறையைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு போனாள். கதவு அடித்த அடியில் கண்ணாடி அதிர்ந்தது.

“நாளைக்கு எத்தினை பேர் வருகினமெண்டு பாப்பம்,” என்றார் தில்லையம்பலம். “ஒருத்தரும் வராட்டி மூண்டு பேரும் சேந்து ரோட்டில நிப்பம்.”

சுகந்தன் அடுத்த பையை எடுத்துப் பின்னால் போனான்.

“கதவை வடிவாச் சாத்து,” என்று சிவனேஸ்வரி கவுண்டரிலிருந்து கத்தினாள். “முழுக்க ஓடட்டும்.”