அரிசியா, மக்காச்சோளமா?

ஒலோகுயில்தா நெடுஞ்சாலைக் கடைகளில் அரிசி மாவுப் புப்புசாவுக்குத்தான், உள்ளே பூரணம் வைத்துச் சுட்ட அந்தத் தடித்த ரொட்டிக்குத்தான், கூட்டம். வெளியூர்க்காரர் கேட்டால் மக்காச்சோளத்திலும் தட்டிக் கொடுப்பார்கள். ஒதிலியா இருபத்திரண்டு வருஷமாகத் தட்டுகிறாள். கொதிநீர் ஊற்றிப் பிசைந்த அரிசி மாவைச் சூட்டோடு எடுத்து, நடுவில் பாலாடைக்கட்டி வைத்து மூடி, தட்டிக் கல்லில் போட வேண்டும். ஆறினால் விரிசல் விட்டுவிடும். அவள் விரல் நுனிகளுக்குச் சூடு தெரியாமல் போய் எத்தனையோ காலமாகிவிட்டது.

அதோடு விட்டதா? வீட்டுக்கு வந்தால் மறுபடி முதலிலிருந்து. புருஷன் நோல்பெர்த்தோ சலாதெனாங்கோ மலைக்காரன். கல்யாணத்தன்றே மாமியார் சொல்லிவிட்டாள்: "எங்க புள்ளைக்கு மக்காச்சோளந்தான். அரிசியெல்லாம் சீக்காளிச் சாப்பாடு." அன்று முதல் சோளத்தைச் சுண்ணாம்பு போட்டு வேகவைத்து, தோல் போகக் கழுவி, கை மில்லில் அரைத்து, அவனுக்கென்று தனியாகச் சுடுகிறாள். மாமியார் போய்ச் சேர்ந்தும் அந்த உத்தரவு போகவில்லை. கடையில் மிஞ்சும் அரிசி மாவு பக்கத்து வீட்டு கிறிஸ்தாவுக்குப் போய்விடும். கொடுத்துவைத்தவள். ஒரே ஒரு சாயங்காலம் அரைக்காமல் உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது ஒதிலியாவுக்கு.

அந்த ஞாயிறு வந்தவர்களிடமெல்லாம் எந்த மாவு என்று கேட்டுக் கேட்டே கடையில் மூச்சுவிட நேரமில்லை. வீட்டுக்கு வந்து மில்லுக்கு முன் நின்றபோது எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துவிட்டது. நோல்பெர்த்தோ மேசையில் வந்து உட்கார்ந்ததும் வாய் தானாகக் கேட்டது.

"அரிசியா, மக்காச்சோளமா?"

"அரிசி," என்றான் அவன்.

"என்ன சொன்னே?"

"அரிசிதான் எனக்குப் புடிக்கும். உன்னை மொதமொதல்ல பாத்தப்ப உன் கடையில நாலு தின்னேனே, மறந்துட்டியா?"

"அப்ப இத்தனை வருஷமா?"

"நீ வெச்சே, நான் தின்னேன். அரிசி மாவத்தான் கிறிஸ்தாவுக்குக் குடுத்துடுறியே."

"வாயைத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா கிழவா?"

"நீ கேக்கலையே."

கோபம் வந்தது. கத்தத்தான் தெம்பில்லை. செத்துப்போன மாமியாரைத் திட்டுவதா, எதிரில் இருக்கும் இந்த மண்ணாந்தையையா, கேட்காமலே இருந்த தன்னையா? வெந்த சோளம் சட்டியில் கிடந்தது. அதை வீணாக்கவும் மனம் வரவில்லை. மில்லின் கைப்பிடியை அவன் பக்கம் திருப்பினாள்.

"இந்தா, அரைச்சு முடி."

அவன் எழுந்து வந்து சுற்றினான். பத்துச் சுற்றில் மூச்சு வாங்கியது.

"இதையா தினமும் சுத்தினே?" என்று கேட்டான்.

திரும்பிப் பார்த்தான். அவன் எழுந்த நாற்காலியில், கைகளை மடியில் போட்டபடி, ஒதிலியா தூங்கிப்போயிருந்தாள்.