அக்டோபரில் வாங்கிய மதிப்பெண்

உருளைக்கிழங்கு விளையும் அரூஸ்டுக் வட்டாரத்தில் அக்டோபரில் எழுதும் எந்தத் தேர்வும் உருப்படாது என்பது ஊரறிந்த விஷயம். அறுவடைக்காகப் பள்ளியை மூன்று வாரம் மூடிவிடுவார்கள். பிள்ளைகள் விடியற்காலையிலிருந்து உருளைக்கிழங்கு இயந்திரத்தின் மேல் நின்று கல்லும் கட்டியும் பொறுக்குவார்கள். அந்த இடுப்பு வலியோடு போய் கல்லூரியில் சேர்வதற்கான எஸ்.ஏ.டி. தேர்வை எழுதினால் என்ன கிழியும்?

அதனால், "அக்டோபர் ஊத்திக்கிச்சுப்பா, ஜூன்ல வாங்கினதையே எல்லா கல்லூரிக்கும் அனுப்பிடறேன்" என்று கோரின் சொன்னபோது அவள் அப்பா ரோலண்ட் பெல்ட்டியே மறுபேச்சுப் பேசவில்லை. ஜூனில் அவள் வாங்கியது ஆயிரத்து அறுநூறுக்கு ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு. அவள் ஆசைப்பட்ட சிகாகோ கல்லூரி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பக்கத்து ஊர்க் கல்லூரிக்குப் போதும். ரோலண்டுக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. நிம்மதிப்பட்டதற்காக வெட்கமாகவும் இருந்தது. மனைவி இறந்து நான்கு வருடம். அந்த வீட்டில் பேச்சுக்குரல் என்றால் மகளுடையதுதான்.

டிசம்பர் நடுவில், மளிகைக்கடையில் பள்ளி ஆலோசகர் திருமதி திபோடோ அவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன ரோலண்ட், பொண்ணு இவ்வளவு பெரிய காரியம் பண்ணியிருக்கா, நீ கமுக்கமா மாவு வாங்கிட்டு நிக்கிற? ஆயிரத்து நானூத்தி எண்பது! நம்ம பள்ளிக்கூடத்துல பத்து வருஷமா யாரும் எடுக்கல."

"ஜூன்லயா?"

"அக்டோபர்லய்யா! சொல்லலையா உங்கிட்ட?"

அவர் மாவை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். கோரின் சமையலறை மேசையில் கணினி முன்னால் இருந்தாள். சிகாகோவுக்கான விண்ணப்பம். மதிப்பெண் கேட்ட இடத்தில் ஜூனில் வாங்கியது.

"அக்டோபர என்ன பண்ணின?"

அவள் விரல் நின்றது. "திபோடோவுக்கு வாயே மூடாது."

"ஏன் மறைச்ச?"

"அத அனுப்பினா என்னை எடுத்துக்குவாங்கப்பா."

"எடுத்துக்கட்டுமே."

"அப்புறம் நீ? பேச்சுப் போட்டிக்கு ரெண்டே ரெண்டு நாள் போர்ட்லாந்து போனேன். திரும்பி வந்தா பாத்திரம் கழுவுற தொட்டியில ஒரு காபிக் கோப்பைதான் கிடந்துச்சு. தட்டு ஒண்ணுகூட இல்ல. ரெண்டு நாளும் நின்னுக்கிட்டே காபி குடிச்சே ஓட்டியிருக்க."

அவர் தொப்பியைக் கழற்றி, திரும்பப் போட்டுக்கொண்டார்.

"நீ மறைச்சு லாபமில்ல. நான் உன்னைத் தேர்வுக்குப் பதிஞ்சப்பவே, நாலு கல்லூரிக்கு மார்க்க இலவசமா அனுப்பறோம், பேரைப் போடுங்கன்னு கேட்டான். ஓசின்னா நான் விடுவேனா? முதல் கட்டத்துலயே சிகாகோவப் போட்டேன். அக்டோபர் மார்க் எப்பவோ போய்ச் சேர்ந்தாச்சு. இப்பப் போய் ஜூன எழுதினா உன்னைப் பைத்தியம்னு நினைப்பான்."

"என்னைக் கேக்காமலா?"

"நீ மட்டும் என்னைக் கேட்டியா?"

அவள் சிரித்தாள், பிறகு அழுதாள். "உன் கஞ்சத்தனம் இருக்கே, அப்பா..." என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு எண்ணை மாற்றினாள். அப்பா பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை.

மறுநாள் காலை அவளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்து, ரோலண்ட் தேர்வுக்காரர்களின் இணையப் பக்கத்தைத் திறந்தார். அவளுக்கு அந்தக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்ததே அவர்தான். கடவுச்சொல் செத்துப்போன நாயின் பெயர். ஓசியில் கிடைத்ததை அவர் வேண்டாமென்று விட்டது வாழ்நாளில் ஒரே ஒரு தடவை. செப்டம்பரில், இதே மேசையில், அந்த நான்கு கட்டங்களையும் வெகுநேரம் பார்த்துவிட்டுக் காலியாகவே விட்டிருந்தார். சிகாகோ என்று எழுதக் கை வரவில்லை.

இப்போது சிகாகோ என்று ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டி எழுதினார். அக்டோபரைத் தேர்ந்தெடுத்தார். அனுப்பிய பிறகு திரும்பப் பெற முடியாது, சம்மதமா என்று திரை கேட்டது. பனி அள்ளும் வண்டி தெருக்கோடிவரை போய்த் திரும்பி வரும்வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சம்மதம் என்று அழுத்தினார்.

அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்து வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்கார்ந்தே சாப்பிட்டார்.